நூலிழைத் தோல்வியும் நம் மதிப்பீடும்

உலகத்தார் ஒருவனை மதிக்கும் முறையை ஆராய்ந்து பார்ப்பின், அம்மதிப்பு அவனுடைய ஆற்றலை மட்டும் பற்றி நிற்பதன்று என்பது விளங்கும். பெரும்பாலும் அஃது அவன் செய்த செயலின் முடிவைப் பற்றியே நிற்கிறது. முடிவு என்பதோ பல சமயங்களில் மயிரிழையில் தொங்குவது. மற்றெந்த ஆடலிலும் காண்பதைவிட இவ்வுண்மையைக் குத்துச்சண்டையில் தெளிவாகக் காணலாம். ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் தீர்ப்பளிக்கிறது. உயரத் தாண்டுதலில் கோல் விழுந்ததா நின்றதா என்பதைப் பார்ப்போர் யாவரும் அறிவர். குத்துச்சண்டையிலோ, எதிரி எழமாட்டாமல் வீழ்ந்தாலொழிய, மேடையைச் சூழ அமர்ந்திருக்கும் நீதிபதிகளின் கண்ணும் கருத்துமே பெரும்பாலும் தீர்ப்பாகின்றன.

இத்தகைய ஆடலில், நாளைக்குப் பெரும்புகழ் எய்துவான் என்று எல்லாரும் நம்பியிருந்த இளைஞன் ஒருவன் மிகச் சிறிய வேறுபாட்டால் தோற்கிறான் என்று கொள்வோம். அன்று காலையில் அவனை "வளரும் சிங்கம்" என்று போற்றிய வாய்களே மாலையில், "இவனை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்துவிட்டார்கள்" என்கின்றன. வேறு சில வாய்கள், "இவனுக்கு அநீதி செய்துவிட்டார்கள், இவனிடம் குறையே இல்லை" என்கின்றன. காலைக்கும் மாலைக்கும் இடையில் மாறியது யாது? அவனுடைய கை மாறவில்லை, கால் மாறவில்லை, பல்லாண்டுப் பயிற்சி ஒன்பது நிமிடங்களில் கரைந்துபோகவும் இல்லை. மாறியது நம் அபிப்பிராயமே. நூலிழைத் தோல்வி தோற்றவனுடைய அளவைக் காட்டுவதைவிட நம்முடைய அளவுகோலின் குறையையே மிகுதியாகக் காட்டுகிறது என்பது எமது துணிபு. அதனை இங்கு எடுத்துக்காட்டுகளால் விளக்க முற்படுகிறோம்.

முதற்கண், இவ்வேறுபாடு எவ்வளவு சிறியதென்பதை அறிதல் வேண்டும். இன்று ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகள் நடைபெறுகின்றன. நீதிபதிகள் ஐவர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுற்றிலும் தாம் மேம்பட்டவராகக் கருதும் வீரருக்குப் பத்துப் புள்ளிகளும், மற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பது புள்ளிகளும் இடுகின்றனர். ஆகவே இரண்டு சுற்றுகளில் ஒருவரையும் ஒரு சுற்றில் மற்றவரையும் மேலாகக் கண்ட நீதிபதியின் தாளில் 29-க்கு 28 என்றே இருக்கும். மூன்று நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அம்மூவருள் ஒருவருடைய தாளில் இந்த ஒற்றைப் புள்ளியே இடைவெளியாக இருந்தால், அவர் ஒரே ஒரு சுற்றை வேறுவிதமாக எண்ணியிருந்தாலும் வெற்றி தோல்வியாகவும் தோல்வி வெற்றியாகவும் மாறியிருக்கும். ஒரு மனிதர் மூன்று நிமிடங்களைப் பற்றிக் கொண்ட எண்ணத்தின்மீது ஓர் இளைஞனுடைய எதிர்காலத்தையே ஏற்றிவைத்து எடை போடுகிறோம் என்பதை நம்மவர் நினைப்பதில்லை.

இனி நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், பஞ்சாபைச் சேர்ந்த குர்சரண் சிங் காலிறுதிப் போட்டியில் உக்ரைன் நாட்டு வீரர் அந்திரி ஃபெட்சுக்கை எதிர்த்து நின்றார். அதில் வென்றிருந்தால் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அன்றே உறுதியாகியிருக்கும்; ஏனெனில் அரையிறுதியை எட்டிய இருவர் தோற்றாலும் வெண்கலம் பெறுவது இவ்வாடலின் வழக்கம். இறுதி நொடிகள் வரை அவர் முன்னிலையில் இருந்தார். மணி அடித்தபோது 12-க்கு 12 என்று சமமாயிற்று. அக்காலத்தில் நீதிபதிகள் விசையை அழுத்திப் புள்ளியிடும் முறை வழங்கிற்று. ஐவருள் மூவரேனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது புள்ளியாகும். சமமாய் முடிந்தாலோ, ஐவரும் அழுத்திய மொத்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பர். அக்கூட்டலில் குர்சரண் சிங் தோற்றார். ஃபெட்சுக் வெண்கலத்தோடு ஊர் திரும்பினார். குர்சரண் சிங் பின்னர் அமெரிக்கா சென்று தொழில்முறை வீரரானார். இன்று அவர் பெயரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

எட்டு ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அகில் குமார் அப்போதைய உலக சாம்பியனான ரஷ்ய வீரர் செர்கை வொடோபியானவை எதிர்த்தார். போட்டி 9-க்கு 9 என்று சமமாயிற்று. அதே கூட்டல் முறை, அதே விதி. இம்முறை எண்ணிக்கை நம்மவர் பக்கம் சாய்ந்தது. சுதந்திர நாளன்று கிடைத்த வெற்றி என்று நாடெங்கும் கரகோஷம் எழுந்தது. அகில் குமாரும் அடுத்த சுற்றில் தோற்றுக் காலிறுதியோடு நின்றவரே. பதக்கம் அவருக்கும் இல்லை. ஆயினும் அவர் அஞ்சாநெஞ்சர் என்று பெயர் பெற்றார். குர்சரண் சிங்கோ பதக்கத்தைக் கைநழுவ விட்டவர் என்று பெயர் பெற்றார். விதி இருவருக்கும் ஒன்றே. இருவரும் சென்றடைந்த இடமும் ஒன்றே. கூட்டல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது மட்டுமே வேறு. அகில் குமாரின் புகழைக் குறைப்பது எமது நோக்கமன்று. அவருக்கு அளந்த அதே மரக்காலால் குர்சரண் சிங்குக்கும் அளந்திருக்க வேண்டும் என்பதே யாம் சொல்வது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நூலிழைத் தோல்வி எல்லாரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் மணிப்பூரின் மேரி கோம் கொலம்பிய நாட்டு இங்கிரித் வலென்சியாவிடம் 3-க்கு 2 என்ற நீதிபதிகளின் பிளவுத் தீர்ப்பால் தோற்றார். தனித்தனியே நோக்கினால், இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் நீதிபதிகளுள் பெரும்பாலோர் அவருக்கே முதன்மை அளித்திருந்தனர். முதற் சுற்றில் ஏற்பட்ட பின்னடைவே மொத்தக் கணக்கில் அவரை வீழ்த்திற்று. தாம் வென்றுவிட்டதாகவே எண்ணியிருந்ததாக அவர் பின்னர் கூறினார். அத்தோல்வியால் அவருடைய கீர்த்தி அணுவளவும் குன்றவில்லை. நாடு அவரைக் கண்ணீரோடும் நன்றியோடும் வரவேற்றது. ஏன்? ஆறு முறை உலக சாம்பியன் பட்டமும், 2012இல் லண்டன் ஒலிம்பிக் வெண்கலமும் அவருடைய களஞ்சியத்தில் நிறைந்திருந்தன. ஒரு மூட்டை குறைந்ததால் நிறைந்த களஞ்சியம் வறுமையுறாது.

வளரும் வீரனுக்கோ அத்தகைய களஞ்சியம் இல்லை. விதைநெல் மட்டுமே உண்டு. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் 71 கிலோ பிரிவுக் காலிறுதியில், அரியானாவின் நிஷாந்த் தேவ் மெக்சிக்கோ வீரர் மார்கோ வெர்டேயிடம் 4-க்கு 1 என்ற பிளவுத் தீர்ப்பால் தோற்றார். முதற் சுற்று நிஷாந்துக்கே ஆயிற்று. வெற்றி ஒரு சுற்றுத் தொலைவில் இருந்தது. இதே வெர்டேயை 2021இல் பெல்கிரேடில் நடந்த உலகப் போட்டியில் அவர் வென்றுமிருந்தார். 2023இல் தாஷ்கண்டில் உலகப் போட்டி வெண்கலமும் பெற்றிருந்தார். பாரிஸில் தீர்ப்பு அறிவிக்கப்பட்டதும் மக்கள் இரு கட்சியாயினர். ஒரு கட்சியார் நீதிபதிகளைத் தூற்றினர். மற்றொரு கட்சியார், இறுதிச் சுற்றில் மூச்சு வாங்கிற்று என்றும், பெரிய மேடையில் நிற்கும் தகுதி இல்லை என்றும் கூறினர். அவ்வொலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் அறுவரும் பதக்கமின்றித் திரும்பியதால் உண்டான சினமும் இவர்மேல் ஏறிற்று.

இவ்விரு கட்சியாரும் ஒரு செய்தியை மறந்தனர். அதே 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இத்தாலியில் நடந்த தகுதிப் போட்டியில், ஒலிம்பிக் நுழைவுக்கு ஒரே வெற்றி எஞ்சியிருந்த நிலையில் நிஷாந்த் அமெரிக்க வீரர் ஒமாரி ஜோன்ஸிடம் தோற்றிருந்தார். அன்றும் "இவ்வளவுதான் இவர்" என்று முடிவு கட்டியிருக்கலாம். பயிற்சியாளர் அவ்வாறு முடிவு கட்டாமையால், சில வாரங்களுக்குப் பின் பாங்காக்கில் நடந்த அடுத்த தகுதிப் போட்டியில் வென்று அவர் பாரிஸ் சென்றார். பாரிஸுக்குப் பின் தொழில்முறை ஆட்டத்திற்கு மாறி, 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் முதற் போட்டியை முதற் சுற்றிலேயே வென்றார். தோல்வி ஒருவனுடைய கதையில் ஓர் அதிகாரம். அதனை நூலின் கடைசி ஏடாக வாசிப்பவர் வாசகரே, எழுதியவர் அல்லர்.

இதுகாறும் தூற்றுவோரைப் பற்றிக் கூறினோம். "அநீதி, அநீதி" என்று முழங்கும் அன்பர்களைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். அநீதி நிகழ்வதே இல்லை என்று யாம் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார் என்றும், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32 மட்டுமே பதித்தார் என்றும் கணக்கெடுத்தோர் கூறினர். தீர்ப்போ 3-க்கு 2 எனப் பார்க்கின் பக்கம் அமைந்தது. அவ்வொலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான விருது தோற்றவரான ஜோன்ஸுக்கே அளிக்கப்பட்டது. நீதிபதிகள் விசையை அழுத்தும் புள்ளி முறை 1992இல் பார்சிலோனாவில் புகுந்தமைக்கு அத்தீர்ப்பு எழுப்பிய கூக்குரலும் காரணமாயிற்று. ஆயினும் ஜோன்ஸ் உயர்ந்தது அக்கூக்குரலால் அன்று. அவர் பின்னாளில் நடுத்தர எடை முதல் மிகுதி எடை வரை நான்கு பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றது, மறுநாளும் பயிற்சிக்கூடத்திற்குச் சென்றதால். வென்ற பார்க்கோ அவ்வெற்றியின் பாரத்தைப் பல்லாண்டுகள் சுமந்தார். 2023இல் அவர் அமெரிக்கா சென்று, தம் தங்கப் பதக்கத்தை ஜோன்ஸின் கையிலேயே ஒப்படைத்தார். தீர்ப்பு ஒன்று, மதிப்பு வேறொன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சியோல் போன்ற தீர்ப்புகள் அபூர்வம். நெருங்கிய தோல்வி ஒவ்வொன்றையும் அநீதி என்று கூறுவது, தோற்ற இளைஞனுக்கு நாம் செய்யும் தீமைகளுள் இனிப்பான தீமை. "உன்மேல் குறையில்லை" என்று ஓயாமல் கேட்டவன், மூன்றாம் சுற்றில் தன் இடக்கை ஏன் தாழ்ந்தது என்பதை எண்ணிப்பார்க்க மாட்டான். தூற்றுவோர் அவனுடைய நம்பிக்கையைப் பறிக்கின்றனர். துதிப்போர் அவன் கற்க வேண்டிய பாடத்தைப் பறிக்கின்றனர். இரு சாராரும் ஒன்றைச் செய்யவில்லை: அவன் ஆடிய மூன்று சுற்றுகளையும் பொறுமையோடு நோக்கவில்லை.

இவ்வாறு நோக்குவதற்கு நாம் அயல்நாட்டை நாட வேண்டுவதில்லை. நம் சிதம்பரத்திலேயே தோற்றவரை மதிக்கும் மரபொன்று கல்லில் நிலைபெற்றிருக்கிறது. தில்லை வனத்தின் தலைவியாகிய காளிக்கும் கூத்தப்பெருமானுக்கும் ஆடற்போட்டி நிகழ்ந்ததென்றும், ஆடல்களிலெல்லாம் காளி ஈடுகொடுத்து ஆடினாள் என்றும், இறுதியில் இறைவன் ஒரு காலைத் தலைக்கு மேல் உயர்த்தி ஊர்த்துவ தாண்டவம் ஆட, நாணத்தால் காளி அதனை ஆடாது நின்றாள் என்றும், அந்த ஒன்றினால் தோல்வியுற்று ஊரின் எல்லைக்குச் சென்றாள் என்றும் புராணம் கூறும். இதனை நம்புவதும் நம்பாமையும் அவரவர் சமயத்தைப் பொறுத்தது. ஆனால் அக்கதையை ஊரார் பேணிய வகை எச்சமயத்தார்க்கும் பாடமாகும். வென்றவரின் அவ்வாடல் கோயிலினுள் நிருத்த சபையில் சிற்பமாய் நிற்கிறது. தோற்றவளுக்கோ ஊரின் வடபால் தனிக்கோயிலே எழுந்தது; அதனை எடுப்பித்தவன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் என்பர். கூத்தப்பெருமானை வழிபட வருவோர் அங்கும் சென்று வணங்குவது இன்றும் வழக்கம். தோல்வியை மறைத்து அவளே வென்றாள் என்று அவ்வூரார் கதை கட்டவில்லை. தோற்றாள் என்பதற்காக அவள் ஆடியதை ஆடாததாகவும் ஆக்கவில்லை. இன்னின்னவற்றில் ஒப்பானாள், இன்னதொன்றில் தோற்றாள் என்று அளந்து கூறி, இரண்டையும் நினைவில் வைத்தனர். அந்த அளவறிந்த நடுவுநிலைமையே யாம் வேண்டுவது.

"இவ்வாறெல்லாம் பேசினால் வெற்றிக்கு மதிப்பேது? முடிவு முக்கியமில்லையாயின் யார்தான் முயல்வர்?" என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பதக்கம் வென்றவர்க்கே உரியது. அதில் பங்கு கேட்பது ஆடல் அறமாகாது. ஆனால் பதக்கம் வேறு, மதிப்பு வேறு. பதக்கத்தை இரண்டாகப் பிளக்க இயலாது. ஆகவே அது முழுதும் ஒருவரிடம் சேர்கிறது. மதிப்போ பகிரத் தக்கது. ஒரு நூல் அளவு பின்தங்கியவனுக்கு ஒரு நூல் அளவே குறைத்து மதிப்பளிப்பதுதான் கணக்கு. நூல் அளவு பின்தங்கியவனைக் காத தூரம் தள்ளிவைப்பது கண்டிப்பன்று; கணக்குப் பிழை. மேலும், நெருங்கிய தோல்விக்குப் பின் இகழ்ச்சியே கிடைக்கும் என்று அறிந்த இளைஞன் தன்னினும் வலியவனை எதிர்க்க அஞ்சுவான்; எளியவரை மட்டும் வென்று சான்றிதழ் சேர்ப்பான். அத்தகைய ஊரிலிருந்து பெருவீரர் தோன்றுவது அரிது.

இது நமக்கு வெறும் வேடிக்கைப் பேச்சன்று. தமிழ்நாட்டிற்குக் குத்துச்சண்டை புதிதன்று. வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகள் அதனை வளர்த்த வரலாற்றை 2021இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றால் இளைய தலைமுறையும் அறிந்தது. கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுள் பலர், உழவர் வீட்டிலும் மீனவர் குப்பத்திலும் பிறந்து, விளையாட்டையே ஏணியாகக் கொண்டு மேலேற முயல்பவர். கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் உண்டு. ஆனால் அவை கேட்பது சான்றிதழை. அரையிறுதிக்கு ஒரு புள்ளியில் தவறியவனிடம் காட்டுவதற்குத் தாளேதும் இல்லை. அவனுக்கு எஞ்சுவது ஆசிரியர், தோழர், பெற்றோர் ஆகியோரின் மதிப்பு ஒன்றே. அதையும் நாம் பறித்துக்கொண்டால், "போதும், இனி வேலையைப் பார்" என்று வீட்டார் கையுறையைப் பரண்மேல் ஏற்றிவிடுவர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி; தோற்ற ஏழையின் சொல் அம்பலத்தின் வாயிலையும் எட்டாது.

ஆகவே நம் கலாசாலை செய்யத்தக்க காரியங்கள் சிலவற்றைக் கூறி முடிக்கிறோம். முதலாவது, நெருங்கிய போட்டியில் தோற்றவனை, வேறொருவன் அவனை மேடையில் வெல்லும்வரை, அணியிலிருந்து நீக்கலாகாது. இரண்டாவது, ஆண்டு மலரின் விளையாட்டுப் பகுதியில் வென்றவர் பெயரோடு நின்றுவிடாமல், எதிர்த்து நின்றவர் பெயரையும், நீதிபதிகளின் தாள்களில் இருந்த எண்களையும் சேர்த்துப் பதித்தல் வேண்டும். பிற்காலத்தார் முடிவை மட்டுமின்றி அளவையும் அறிவர். மூன்றாவது, தோல்வியடைந்த ஒரு வாரத்திற்குள் பயிற்சியாளர் அவனை அருகே அமர்த்தி, மூன்று சுற்றுகளையும் ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். வென்ற சுற்றை முதலிலும் தோற்ற சுற்றைப் பின்னும் பேசுதல் நலம். நான்காவது, தோழர்கள் செய்யும் உபகாரம்: அவனைத் தேற்றுவதற்காக நீதிபதியைத் திட்டாதீர்கள், உங்கள் அறிவைக் காட்டுவதற்காக அவனையும் திட்டாதீர்கள். மறுநாள் விடியலில் அவன் ஓடப் புறப்படும்போது உடன் ஓடுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் திடல் இருக்கிறது; தேவனாம்பட்டினத்தில் நீண்ட மணற்கரை இருக்கிறது; ஓடுவதற்கு இடம் நமக்குக் குறைவில்லை. வெல்வதும் தோற்பதும் வீரனுடைய வேலை. அவ்விரண்டையும் உள்ளவாறு அளந்து மதிப்பது நம் வேலை. அவன் தன் வேலையை ஒன்பது நிமிடங்களில் முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுகிறான். நம் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.